முப்புரி கண்ட ஜி. என். இராமச்சந்திரன்



நம் இயக்கக் கூட்டங்களில் சாதனையாளர்களைப் பற்றிப் பேசச் சொன்னால், நம்ம பிள்ளைகள் வழக்கமாக மூன்று பேரைத்தான் எடுப்பாங்க. கணிதம் என்றால் இராமானுஜன். அறிவியல் என்றால் சர் சி. வி. இராமன். ராக்கெட் என்றால் அப்துல் கலாம். மூவருமே பெரியவர்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வரிசையில் இருக்க வேண்டிய இன்னொருவரை நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது. உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்தாலும் அவர் பெயரைத் தாங்கிய ஒரு படத்தைப் பார்க்காமல் தாண்ட முடியாது. அதன் பெயர் இராமச்சந்திரன் வரைபடம். அவர்தான் கோபாலசமுத்திரம் நாராயணன் இராமச்சந்திரன். சுருக்கமாக ஜி. என். இராமச்சந்திரன்.

எனக்கு அவரைப் பள்ளிக்கூடம் அறிமுகப்படுத்தவில்லை, ஒரு நோய்தான் அறிமுகப்படுத்தியது. என் தம்பிக்குப் பிறவியிலேயே தசைச் சிதைவு நோய் இருக்கிறது. மருத்துவர் கொடுத்த அறிக்கையில் ஆறாம் வகைக் கொலாஜன், கிளைசின் என்று இரண்டு சொற்கள் இருந்தன. அவை என்னவென்று தேடித் தேடிப் படித்தபோது, ஒவ்வொரு நூலும் கடைசியில் 1954-ஆம் ஆண்டுக்கும் சென்னைக்கும் கொண்டுபோய் விட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இராமச்சந்திரன் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் கேரளாவில் உள்ள எர்ணாகுளத்தில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் உள்ள கோபாலசமுத்திரம். பெயருக்கு முன்னால் நிற்கும் 'ஜி' அந்த ஊர்தான். அப்பா நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே பையனுக்குக் கணக்குப் போட்டுப் போட்டுப் பழக்கினார். அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. பின்னாளில் புரதம், எக்ஸ்ரே, தத்துவம் என்று எதைத் தொட்டாலும், அதற்குள் இருக்கும் கணக்கு என்ன என்றுதான் முதலில் பார்ப்பார்.

திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் படித்தார். சென்னை மாகாணத்திலேயே முதலிடம். அப்பாவுக்குப் பையனை இரயில்வே பொறியாளர் பணியில் சேர்த்துவிட ஆசை. அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய உத்தியோகம் ஏது? பையனுக்கு அதில் மனசு இல்லை. 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய் மின்பொறியியலில் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. இராமன் இருந்தார். இந்தப் பையன் மின்பொறியியலுக்கு உரியவன் அல்ல என்று அவர் கண்டுகொண்டார். சீக்கிரமே இராமச்சந்திரன் இயற்பியல் துறைக்கு மாறி, இராமனின் மாணவர் ஆனார். 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. இதற்கிடையில் 1945-இல் திருமணம். மனைவி பெயர் இராஜலட்சுமி.

அடுத்து இங்கிலாந்து. கேம்பிரிட்ஜில் உலகப் புகழ் பெற்ற கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஆண்டுகள் படிகங்களை எக்ஸ்ரே கொண்டு ஆராய்ந்தார். 1949-இல் பிஎச்.டி. முடித்தார். முடித்த உடனே பெங்களூருக்குத் திரும்பிவிட்டார். அங்கேயே தங்கியிருந்தால் யாரும் தவறு சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தங்கவில்லை.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடியது. துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் இராமனைத்தான் முதலில் அணுகினார். இராமன் தன் மாணவரைக் கைகாட்டினார். முப்பது வயதை ஒட்டிய ஓர் இளைஞர் ஒரு துறைக்கே தலைவர் ஆனார். கிண்டியில் இருந்த அந்தத் துறையில் பெரிய வசதி ஒன்றும் கிடையாது. எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் இங்கிலாந்து விஞ்ஞானி பெர்னல் சென்னைக்கு வந்தார். அவரோடு நடந்த உரையாடலில் கொலாஜனைப் பற்றிய பேச்சு வந்தது. கொலாஜன் நம் உடம்பிலேயே அதிகமாக இருக்கும் புரதம். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு எல்லாவற்றிலும் அதுதான் கட்டும் கயிறு. உடம்பில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அதுவே. ஆனால் அதன் அமைப்பு எப்படி இருக்கும் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் மாமேதை லைனஸ் பாலிங் 1951-இல் சொன்ன வடிவமும் பொருந்தவில்லை.

இராமச்சந்திரன் அதைக் கையில் எடுத்தார். துணைக்கு கோபிநாத் கர்த்தா என்ற ஆய்வாளர். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்றாலே கொலாஜன்தானே! அங்கிருந்து மாதிரிகள் வாங்கினார்கள். அவற்றில் நல்ல தெளிவான எக்ஸ்ரே படம் கொடுத்தது எது தெரியுமா? கங்காரு வால் தசைநாண். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, கங்காரு வாலை வைத்து, உலகம் தேடிய விடையைத் தேடினார்கள்.

இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படிங்க. இதுதான் கட்டுரையின் இதயம்.

புரதம் என்பது மணிகளைக் கோத்த மாலை மாதிரி. ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். இருபது வகை மணிகள் உண்டு. கொலாஜனில் மூன்றில் ஒரு மணி கிளைசின் என்பது ஏற்கனவே தெரிந்த செய்தி. கிளைசின்தான் இருபதிலும் ஆகச் சின்ன மணி. ஏன் இவ்வளவு கிளைசின் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார் இராமச்சந்திரன். அவர் கண்ட விடை இது: கொலாஜன் ஒற்றை மாலை அல்ல, மூன்று மாலைகள் சேர்ந்து முறுக்கிய முப்புரிக் கயிறு. அம்மா தங்கச்சிக்கு ஜடை பின்னும்போது மூன்று கால் எடுப்பாங்க இல்லையா, அதுபோல மூன்று. மூன்றும் நடுவில் நெருங்கும் இடத்தில் இடமே இல்லை. அங்கே பெரிய மணி நுழையாது. ஆகச் சின்ன மணியான கிளைசின் மட்டும்தான் உட்கார முடியும். அதனால்தான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின்.

இந்த முப்புரி அமைப்பு 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஆனாலும் எக்ஸ்ரே கணக்கில் ஒரு சின்ன இடறல் மிச்சம் இருந்தது. நிலா பூமியைச் சுற்றிக்கொண்டே எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதை எண்ணிப் பார்த்தபோது அவருக்கு வழி கிடைத்தது என்று சொல்லுவாங்க. மூன்று புரிகளும் தம்மைத் தாமே சுற்றுவதோடு நிற்காமல், ஒரு பொது அச்சையும் மெல்லச் சுற்றி வருகின்றன. 1955 செப்டம்பரில் அந்தத் திருத்திய வடிவமும் அதே இதழில் வந்தது.

அதே ஆண்டு கேம்பிரிட்ஜிலிருந்து எதிர்ப்பும் வந்தது. டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் முப்புரி வடிவத்தை ஏற்றார்கள். ஆனால் இராமச்சந்திரன் சொன்ன வடிவத்தில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன என்றார்கள். புரிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு, மூன்று மணிக்கு இரண்டு அல்ல, ஒன்றுதான் என்றும் சொன்னார்கள். பெரிய பெயர்கள் எதிரே நின்றதால், கண்டுபிடிப்பின் பெருமை வெகு நாள் பங்கு போடப்பட்டது.

நம்மில் ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்போம்? கோபப்பட்டிருப்போம். வெள்ளைக்காரன் நம்மைத் தூக்கிவிட மாட்டான் என்று பேசிவிட்டுப் படுத்திருப்போம். இராமச்சந்திரன் வேறு வழியில் போனார். அணுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கலாம் என்பதைத் திட்டவட்டமாக யாராவது அளந்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை. சரி, நாமே அளப்போம் என்று இறங்கினார். அதுவரை வெளியான படிக அமைப்புகளை எல்லாம் திரட்டி, அணுக்களுக்கு இடையே உள்ள குறைந்தபட்சத் தூரங்களைத் தொகுத்தார். பிறகு சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மாணவர்களோடு சேர்ந்து ஒரு கணக்கைத் தொடங்கினார். மாலையில் ஒரு மணிக்கு இரண்டு திருகு கோணங்கள் உண்டு. அந்த இரண்டையும் எத்தனை விதமாகத் திருப்பலாம்? எந்தத் திருப்பத்தில் அணுவோடு அணு முட்டும், எதில் முட்டாது? இன்றைய கணினி வசதி அன்று இல்லை. மேசைக் கணிப்பொறியைத் தட்டித் தட்டித்தான் கணக்குப் போட்டார்கள்.

1963-இல் அந்தக் கணக்கு வெளியானது. ஒரு சதுரம். அதில் அனுமதிக்கப்பட்ட சில தீவுகள், மற்றதெல்லாம் தடை. அதுதான் இராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகத்தில் யார் எந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரியா தப்பா என்று பார்க்க இந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். எதிர்ப்புக்குப் பதில் சொல்லப் போய், எல்லோருக்கும் பொதுவான ஒரு அளவுகோலையே கொடுத்துவிட்டார். ஹைட்ரஜன் பிணைப்பு வாதத்தில், நேரடிப் பிணைப்பு மூன்று மணிக்கு ஒன்றுதான் என்பது பின்னால் உறுதியானது. அந்த அளவில் கிரிக் பக்கம் சரி. முப்புரியும் கிளைசினின் இடமும் சென்னையின் சொத்து. அதை யாரும் மாற்ற முடியவில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

கொலாஜனில் இருபத்தெட்டு வகைகள் உண்டு. ஆறாம் வகை, தசை நார் ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வலைபோல நிற்கிறது. தசை சுருங்கி விரியும்போது அதைத் தாங்கிப் பிடிப்பது அந்த வலைதான். அந்த வலையின் புரிகளை நெய்யும் மாலையில் முந்நூறுக்கும் மேற்பட்ட மணிகள் முப்புரியாகச் சுற்றுகின்றன. மூன்றுக்கு ஒன்று கிளைசின். அதில் ஒரே ஒரு கிளைசினுக்குப் பதிலாக வேறொரு பெரிய மணி வந்துவிட்டால் போதும். அந்த இடத்தில் கயிறு புடைக்கிறது. முறுக்கு சரியாக விழுவதில்லை. பழுதான புரி நல்ல புரிகளோடு சேர்ந்து முழு வலையையும் கெடுக்கிறது. வலை கெட்டால் தசை மெல்ல மெல்ல நலிகிறது.

இப்படி வரும் நோய்களுக்கு இரண்டு பெயர்கள். கடுமையானதற்கு உல்ரிச், அதை 1930-இல் விவரித்த ஜெர்மானிய மருத்துவரின் பெயர். மிதமானதற்கு பெத்லெம், அது 1976-இல் நெதர்லாந்தில் விவரிக்கப்பட்டது. பெத்லெம் நோய்க்குக் காரணம் ஆறாம் வகைக் கொலாஜன் மரபணுக்கள் என்று 1996-இல் தெரிந்தது. உல்ரிச் நோய்க்கும் அதே மரபணுக்கள்தான் என்பது 2001-இல் தெரிந்தது. இராமச்சந்திரன் கண்மூடிய ஆண்டும் அதுவே.

இதற்கு முன்பே, 1994-இல், அமெரிக்காவில் பெல்லா, பிராட்ஸ்கி, பெர்மன் ஆகியோர் கொலாஜன் போன்ற ஒரு சிறு புரதத்தை அணு அணுவாகப் படம் எடுத்தார்கள். வேண்டுமென்றே ஒரு கிளைசினை மாற்றி வைத்து எடுத்த படம் அது. முப்புரி அப்படியே இருந்தது. மாற்றிய அந்த ஒரே இடத்தில் மட்டும் முறுக்கு தளர்ந்திருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் சொன்னது கண்ணால் காணக் கிடைத்தது.

தசைச் சிதைவு என்றதும் பலர் கேள்விப்பட்டிருப்பது டுஷேன் நோய். அது வேறு புரதம், பெயர் டிஸ்ட்ரோஃபின். 1987-இல்தான் கண்டுபிடித்தார்கள். 3,685 மணிகள் உள்ள நீண்ட மாலை. அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத் தாக்குகிறது. புரதம் வேறாக இருந்தாலும் பாடம் ஒன்றுதான்: மாலையில் ஒரு பிழை, தசைக்கு ஆயுள் குறைவு.

என் தம்பிக்கு இருப்பது பெத்லெம் வகை. விரல்கள் உள்பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். அவனால் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டச் சேர்த்துக் கும்பிட முடியாது. நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். மருத்துவர்கள் இந்த நோய்க்குப் பார்க்கும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. ஆனால் கோயிலில் நம்மாட்கள் அதை வேறு மாதிரிப் பார்த்தாங்க. பையனுக்குப் பக்தி இல்லை, ஒழுங்காகக் கும்பிடத் தெரியவில்லை என்று காதுபட ஒரு அம்மா பேசினாங்க. இன்னொரு பக்கம் சொந்தக்காரர்கள். வேண்டுதல் நிறைவேற்றாமல் விட்டதால் வந்தது என்றாங்க. முன்னோர் செய்த பாவம் என்றாங்க. கூலாய்ப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த எங்க அம்மா, தனக்கு என்ன நேர்ந்தாலும் தாங்கிக்கொள்வாங்க. ஆனால் தன்னால் தன் பிள்ளைக்கு வந்தது என்ற பேச்சை மட்டும் தாங்க முடியவில்லை. பல வருஷம் அந்தப் பாரத்தோடுதான் சமையல்கட்டில் நின்றாங்க.

பரிசோதனை செய்ததில் அந்தப் பிழை அப்பாவிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை என்று தெரிந்தது. தம்பி உருவான போது புதிதாக ஏற்பட்ட மாற்றம். இந்த நோயில் இப்படி நடப்பது சகஜம். டுஷேன் நோயிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் புதிதாக வருவதுதான். சில குடும்பங்களில் பெற்றோர் வழியாகவும் வரும். அப்படி வந்தாலும் அது யாருடைய குற்றமும் இல்லை. கோடிக்கணக்கான எழுத்துகளை உடம்பு படியெடுக்கும்போது ஓர் எழுத்து மாறிப்போகிறது. அவ்வளவுதான்.

நான் சமய வகுப்பு எடுப்பவள். கர்மம் என்ற கொள்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நம் செயலை நாம் திருத்திக்கொள்ளச் சொன்ன கொள்கை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் நோய்க்குக் காரணம் கண்டுபிடித்துத் தாயைக் குத்துவதற்காகச் சொல்லப்பட்டது அல்ல. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நம் இயக்கத்தின் கடமை என்று நினைக்கிறேன்.

மீண்டும் இராமச்சந்திரனிடம் போவோம். 1971-இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனோடு சேர்ந்து இன்னொரு பெரிய காரியம் செய்தார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உடம்பின் உள்வெட்டுத் தோற்றத்தைக் கட்டி எழுப்ப ஒரு கணித முறையை வெளியிட்டார். பின்னால் வந்த சி.டி. ஸ்கேன் கருவிகளில் அந்த வழிமுறை பெரிதும் பயன்பட்டது. நம் வீட்டில் யாருக்காவது சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால், அதற்குள்ளும் இவருடைய கணக்கு இருக்கலாம்.

1970-இல் சென்னையை விட்டார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கி வளர்த்தார். சிகாகோ பல்கலைக்கழகத்திலும் சில காலம் பணியாற்றினார். 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1999-இல் படிகவியல் உலகின் உயர்ந்த விருதான எவால்ட் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு மட்டும் வரவில்லை. கர்நாடக சங்கீதத்தில் ஈடுபாடு உள்ளவர். பிற்காலத்தில் இந்தியத் தத்துவத்தில் இறங்கி, சமண தர்க்க முறையான ஸியாத்வாதத்தைக் கணித வடிவில் எழுதிப் பார்த்தார். நம்ம மரபும் அறிவியலும் தனித்தனி அறைகள் அல்ல என்பதற்கு அவர் ஒரு உதாரணம்.

கடைசி ஆண்டுகள் கஷ்டமானவை. பார்க்கின்சன் நோய் அவரைப் பிடித்தது. அதிலும் மூளையில் ஒரு புரதம் தப்பாக மடிந்து சேர்கிறது. வாழ்நாள் முழுக்கப் புரதத்தின் மடிப்பை ஆராய்ந்தவருக்கு அப்படி ஒரு நோய். 1998-இல் மனைவி இராஜலட்சுமி காலமானார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவரைத் தாங்கிய துணை அது. 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் இராமச்சந்திரன் மறைந்தார்.

தம்பி தங்கைகளே, என் தம்பியின் நோய்க்கு இன்னும் முழு மருந்து இல்லை. மூட்டு இறுகாமல் இருக்கத் தினமும் இயன்முறைப் பயிற்சி வேண்டும். மூச்சுத் திறனை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். சளிக்காய்ச்சலை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் மருந்து தேடுகிறவர்கள் எங்கே தேடுவது என்று தெரிந்து தேடுகிறார்கள். பழுதான புரியை மட்டும் உருவாகவிடாமல் தடுத்து, நல்ல புரிகள் தாமே முறுக்கிக்கொள்ள விட முடியுமா என்று ஆய்வுக்கூடங்களில் முயல்கிறார்கள். முப்புரி இப்படித்தான் இருக்கிறது என்று யாரோ முதலில் கண்டு சொன்னதால்தான் அந்த யோசனையே பிறக்கிறது.

உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ பிள்ளை அடிக்கடி விழுந்தால், படியேறத் திணறினால், முட்டியில் கை ஊன்றி எழுந்தால், நுனிக்காலில் நடந்தால், சோம்பேறி என்று திட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்க. நோய் உறுதியானால் மரபணு ஆலோசனை கேட்கச் சொல்லுங்க. கோயில் திருப்பணி நடக்கும்போது, படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும் வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்க.

எஸ்.பி.எம். முடித்து என்ன படிப்பது என்று குழம்பி நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அறிவியல் நமக்கு எட்டாத பழம் என்று யாராவது சொன்னால், கிண்டியில் வசதி குறைந்த ஒரு துறையில் கங்காரு வாலை வைத்துக்கொண்டு உட்கார்ந்த அந்த முப்பது வயது ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பு வந்த இடத்தில் அவர் அளவுகோலை எடுத்தார். மாலையின் மிச்சக் கணக்கைப் போட இன்னும் ஆள் தேவைப்படுகிறது.